டெனிஸ் படிக்கத் தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை



இம்மாத உரைக்கான கேள்வியைத் தந்தவர்கள் எமது இளையவர்கள். கிரின்ஸ்டெட்டில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்போது விருப்பத்தோடு ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். சித்திரக் கதைகளிலும் கார்ட்டூன் படங்களிலும் தொடங்கிய ஆசை இன்று புத்தகமும் கொப்பியுமாக வளர்ந்திருக்கிறது. "மாமா, நீங்கள் வளர்ந்த பிறகு புது மொழி படித்தவர்தானே. தொடங்குமுன் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பது எது?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நாங்கள் படித்தது டெனிஸ், அவர்கள் படிப்பது ஜப்பானிய மொழி. ஆனாலும் வளர்ந்த மனிதர் ஒருவர் முதல் எழுத்திலிருந்து தொடங்கும்போது ஏற்படும் திகைப்பு எல்லா மொழிக்கும் பொதுவானது.

இக்கேள்விக்குத் தமிழருக்கும் டெனிஸ்காரருக்கும் இடையில் மட்டும் நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றிலிருந்து பதில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமக்கு முன்னர் படித்தவர்கள்

டென்மார்க்கும் தமிழும் முதலில் சந்தித்தது 1980களில் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது 1620இல் நடந்தது. ஓவ கியெட என்பவரின் தலைமையில் டென்மார்க் மன்னன் நாலாம் கிறிஸ்தியான் அனுப்பிய கப்பல்கள் கண்டி மன்னனோடு உடன்படிக்கை செய்யும் நோக்கத்தோடு முதலில் இலங்கைக்குத்தான் வந்தன. திருகோணமலையிலும் அவர்கள் தங்கிப் பார்த்தார்கள். அங்கே காரியம் கைகூடவில்லை. பின்னர் சோழமண்டலக் கரைக்குச் சென்று, தஞ்சை மன்னன் இரகுநாத நாயக்கனிடமிருந்து தரங்கம்பாடியைப் பெற்றார்கள். மன்னன் டென்மார்க் அரசனுக்கு எழுதிய கடிதம் பொன்னால் செய்த ஓலையில் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டது. அது இன்றும் கொப்பன்கேகனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாங்கள் எமது அகதி விண்ணப்பங்களோடு இந்த நாட்டுக்கு வருவதற்கு 360 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்க் கடிதம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை டென்மார்க்கின் கையில் இருந்தது. 225 ஆண்டுகள் ஒரு துறைமுகத்தில் வியாபாரம் நடக்க வேண்டுமென்றால் இரு மொழியும் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களைத் துபாஷிகள் என்று அழைத்தார்கள். அவர்களில் ஒருவரின் பெயர் ஐரோப்பியரின் ஏடுகளில் 'அலெப்பா' என்று காணப்படுகிறது. அழகப்பன் என்ற பெயரே அப்படித் திரிந்தது என்பர். அவர் டெனிஸ் கம்பனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழோடு போர்த்துக்கீசம், டெனிஸ், ஜேர்மன் ஆகிய மொழிகளிலும் பழகியவர். வகுப்பறை இல்லை, அகராதி இல்லை, ஒலிநாடா இல்லை. துறைமுகத்தில் நின்று காதால் கேட்டுப் படித்தவர். டெனிஸ் பேசிய தமிழர் வரிசையில் எமக்கு மூத்தவர் அவர்.

மறுபக்கமாக, தமிழ் படிக்க வந்த ஒரு வெளிநாட்டவரின் கதையும் எமக்குப் பயன்படும். சாக்சனி நாட்டில் 1682இல் பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் மன்னன் நாலாம் பிரெடெரிக் அனுப்பிய பாதிரியாராக 1706 யூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு வயதான திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டுக்கே பள்ளியோடு வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகினார். அடுத்த ஆண்டே தமிழில் பிரசங்கம் செய்தார். 1708இல் தாம் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். 1716இல் அவரது தமிழ் இலக்கணம் ஜேர்மனியின் ஹல்லே நகரில் அச்சானது. 1719இல், 36 வயதில் தரங்கம்பாடியிலேயே காலமானார்.

அவரது வேகத்தின் இரகசியம் என்ன? தமது நாளாந்த ஒழுங்கை அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை முன்னர் படித்த சொற்களைத் திரும்பச் சொல்வார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, வயதான புலவர் ஒருவரையும் எழுத்தாளர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய நூல்களைப் படிப்பார். புதுச் சொல் வந்தால் எழுத்தாளர் உடனே குறித்துக்கொள்வார். கடினமான செய்யுளைப் புலவர் பேச்சுத் தமிழில் விளக்குவார். சாப்பிடும்போதும் ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். பிற்பகலில் மீண்டும் இரண்டு மணித்தியாலம் வாசிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, மற்றவர் வாசிக்கக் கேட்பார். தாம் பேசவும் எழுதவும் பின்பற்றக் கூடிய நடையுள்ள நூல்களையே தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

இதில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து படிக்க அவர் வெட்கப்படவில்லை. இரண்டாவது, புதியதைப் படிக்குமுன் பழையதைத் திருப்பிப் பார்ப்பதில் ஒவ்வொரு நாளையும் தொடங்கினார். மூன்றாவது, எழுத்து மொழியையும் பேச்சு மொழியையும் வெவ்வேறாக அறிந்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றித் தர ஒருவரை வைத்துக்கொண்டார். நேரமும் உதவியாளரும் அவருக்கு இருந்தன. எமக்கு அவை இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஒழுங்கு யாருக்கும் பொது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். டென்மார்க் பெற்ற மிகப் பெரிய மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் (1787-1832). பள்ளி மாணவனாக இருந்தபோது பரிசாகக் கிடைத்த ஒரு பழைய ஐஸ்லாந்து நூலை, மொழிபெயர்ப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டு, அதிலிருந்து தானே ஒரு இலக்கணத்தை எழுதிக்கொண்டார். பின்னர் இலங்கைக்கு வந்து, சிங்கள எழுத்து முறை பற்றிய அவரது சிறு நூலைக் கொழும்பிலேயே 1821இல் அச்சிட்டார். பாளிச் சுவடிகளோடு 1823இல் கொப்பன்கேகன் திரும்பினார். மற்றவர் எழுதிய இலக்கணத்தை மனனம் செய்வதிலும் பார்க்க, தானே கண்டுபிடித்துத் தன் கொப்பியில் எழுதிய விதி மறக்காது என்பதற்கு ராஸ்க் சாட்சி.

யூலன்ட் மண்ணில் எமது வகுப்பறை

இனி எமது காலத்துக்கு வருவோம். 1983 யூலைக்குப் பின்னர் உயிர் தப்பி ஓடியவர்களில் ஒரு பகுதியினர் 1980களின் நடுப்பகுதியில் டென்மார்க் வந்து சேர்ந்தார்கள். அக்காலத்தில் அகதிகளைப் பொறுப்பேற்றது டெனிஸ் அகதிகள் உதவி நிறுவனம். பதினெட்டு மாதம் வரை அவர்கள் எம்மைப் பார்த்தார்கள். வீடு, மொழி வகுப்பு, வேலைப் பழக்கம் எல்லாம் அதற்குள் அடங்கும். எல்லோரும் தலைநகரில் குவியாமல் நாடு முழுவதும் பரவி வாழவேண்டும் என்பது அன்றைய கொள்கை. அதனால்தான் ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ, வைல, கிரின்ஸ்டெட் போன்ற யூலன்ட் ஊர்களில் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கியது.

பதினெட்டு மாதம் என்பது காகிதத்தில் நீண்ட காலம். ஆனால் ஊரில் ஷெல் விழுகிறது, வீட்டிலிருந்து கடிதம் இல்லை, மனைவி பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று தெரியாது. இந்த நிலையில் மேசைக்கு 'என்' வருமா 'எத்' வருமா என்று மனதில் பதியுமா? மொழி படிக்க மூளை மட்டும் போதாது, மன அமைதியும் வேண்டும் என்பதை அன்று எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கேதான் தமிழர் பெயரால் டென்மார்க் வரலாற்றில் இடம்பெற்ற அந்த விவகாரத்தைச் சொல்ல வேண்டும். 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகத் தடுத்து வைக்கச் செய்தார். சட்டப்படி வரவேண்டிய மனைவிமாரும் பிள்ளைகளும் போருக்கு நடுவே காத்துக்கிடந்தார்கள். 1989இல் விடயம் வெளியே வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் திகதி பிரதமர் பவுல் ஷ்லூற்றர் பாராளுமன்றத்தில், கம்பளத்தின் கீழே எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று சொன்னார். விசாரணை அறிக்கை அதற்கு மாறாக இருந்தது. 1993 சனவரி 14ஆம் திகதி அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். 1995 யூன் 22ஆம் திகதி, 1910க்குப் பின் முதன்முறையாகக் கூடிய இராச்சிய நீதிமன்றம் நின்-ஹன்சனைக் குற்றவாளியாகக் கண்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

அரசியல் வரலாறாக இதை எல்லோரும் அறிவர். மொழி வரலாறாகவும் இதைப் பார்க்க வேண்டும். முதலில் வந்த ஆண்கள் மொழி வகுப்பை முடித்து வேலைக்குப் போன பின்னரே பல குடும்பங்களில் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கணவருக்கு ஓரளவு டெனிஸ் தெரியும் என்பதால் வெளி அலுவல் எல்லாம் அவர் பொறுப்பானது. குழந்தை பிறந்தது, வேலை வந்தது, வகுப்பு பின்னுக்குப் போனது. அந்த இடைவெளி சில வீடுகளில் இன்றும் மூடவில்லை. ஒரு அமைச்சர் தடுத்துவைத்த கோப்பு, முப்பது ஆண்டு கழித்து ஒரு அம்மா வைத்தியரிடம் தன் நோவைச் சொல்ல முடியாமல் நிற்பதில் வந்து முடிகிறது.

பிற்காலத்தில் ஒழுங்குகள் மாறின. 1999 சனவரி முதல் பொறுப்பு கொம்மூன்களுக்கு வந்தது, அறிமுகக் காலம் மூன்று ஆண்டாகியது. 2004இல் மொழிக்கல்வி மூன்று பிரிவாக வகுக்கப்பட்டது. பள்ளிப் படிப்புக் குறைந்தவருக்கு ஒரு பாதை, படித்தவருக்கு ஒரு பாதை, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பரீட்சை. முன்னர் எல்லோரையும் ஒரே வாங்கில் இருத்தியதிலும் பார்க்க இது மேல்.

யாரும் சொல்லித் தராத விடயங்கள்

இப்போது நேரடியாகக் கேள்விக்கு வருகிறேன். தொடங்குமுன் யாராவது சொல்லியிருக்கலாம் என்று நான் நினைப்பவை இவை.

ஒன்று, எண்கள். டெனிஸ் ஐம்பதை 'ஹால்திரெஸ்' என்கிறார்கள். காரணம் கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள். காரணம் இருக்கிறது. பழைய டெனிஸில் இருபது இருபதாக எண்ணினார்கள். மூன்றாவதில் பாதி, அதாவது இரண்டரை. இரண்டரை இருபது ஐம்பது. 'திரெஸ்' மூன்று இருபது, அறுபது. 'ஹால்ஃபியர்ஸ்' மூன்றரை இருபது, எழுபது. 'ஃபீர்ஸ்' நாலு இருபது, எண்பது. 'ஹால்ஃபெம்ஸ்' நாலரை இருபது, தொண்ணூறு. இந்த ஒரு விளக்கம் முதல் வாரத்தில் கிடைத்தால் பல மாதக் குழப்பம் தீரும். அதோடு ஒன்றாம் இடத்தை முதலில் சொல்வார்கள், இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். இங்கே தொலைபேசி எண் எட்டு இலக்கம், அதை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வதால் எண் தெரியாதவருக்குத் தொலைபேசியே பகையாகிவிடும். இதைக் கண்டு சிரிக்குமுன் எமது எண்ணையும் பாருங்கள். எண்பதுக்கு அடுத்தது ஒன்பதோடு பத்துச் சேர்ந்து வராமல், நூறு என்ற ஓசையோடு தொண்ணூறு என்று நிற்கிறது. தொள்ளாயிரமும் அப்படியே. பழைய மொழிகளின் எண்களில் இப்படி முடிச்சு இருக்கும்.

மணி சொல்வதிலும் இதே 'பாதி' வரும். 'ஹால் திரே' என்றால் இரண்டரை மணி, மூன்றாவது மணியின் பாதி என்று பொருள். ஊரில் ஆங்கிலம் படித்து வந்தவர்களுக்கு அது மூன்றரை போலக் கேட்கும். வைத்தியரின் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினால் பிறகு இன்னொரு நாள்தான்.

இரண்டு, காது. டெனிஸில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று. சொல்லின் பாதியை விழுங்கிவிடுவார்கள். 'ஹுன்' என்றால் அவள். அதே ஓசையில் தொண்டையை ஒரு கணம் இறுக்கினால் நாய். எமக்கு இரண்டும் ஒன்று போலவே கேட்கும். சோர்வு வேண்டாம், பல்லியையும் பள்ளியையும் டெனிஸ்காரரின் காதில் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் இரண்டும் ஒன்றே. சொல்லின் இறுதியில் வரும் மென்மையான 'டி' எம்மவர் காதில் 'ல்' என்று விழும். தென் டென்மார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களில் கண்ட ஒரு விடயம் ஆறுதல் தரும். டெனிஸ் குழந்தைகளே, பிற ஐரோப்பிய மொழிக் குழந்தைகளிலும் பார்க்க, தொடக்கத்தில் குறைந்த சொற்களையே விளங்கிக்கொள்கிறார்கள். தாய்மடியில் கேட்கும் பிள்ளைக்கே கடினமானது வளர்ந்தவருக்கு உடனே வருமா?

இங்கே தமிழர் எமக்கு ஒரு வசதியும் உண்டு. எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்று பிறந்த நாளிலிருந்து பழகியவர்கள் நாங்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு, 'வந்துகொண்டிருக்கிறன்' என்று பேசுகிறோம். ஆகவே டெனிஸையும் இரண்டு மொழியாகவே நினைத்து, கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று தனித்தனியே படிக்க வேண்டும்.

மூன்று, யூலன்ட் பேச்சு. வகுப்பில் வானொலி டெனிஸ் சொல்லித் தருவார்கள். தொழிற்சாலையின் கோப்பி இடைவேளையில் இருப்பவர் பேசுவது வேறு. புத்தகத்தில் 'நான்' என்பது 'யாய்', மேற்கு யூலன்டின் மூத்தவர் வாயில் அது 'அ'. புத்தகத்தில் 'அந்த வீடு' என்பதற்கு வீடு என்ற சொல்லின் பின்னால் ஒட்டு வரும். இந்தப் பகுதியின் பழைய பேச்சில் அது 'ஏ' என்று முன்னால் வரும். 'என்', 'எத்' என்று வகுப்பில் எம்மை வருத்திய இரண்டு பால் வேறுபாடும் மேற்கு யூலன்டின் பழைய பேச்சில் இல்லை. இதை அறிந்திருந்தால் "நான் படித்தது எல்லாம் வீண்" என்று முதல் வேலை நாளில் யாரும் மனம் உடைய மாட்டார்கள். மட்டக்களப்பார் பேச்சும் யாழ்ப்பாணத்தார் பேச்சும் போலத்தான் இதுவும். இன்னொன்று, யூலன்ட்காரர் ஒன்றைப் புகழ நினைத்தால் "அவ்வளவு மோசமில்லை" என்பார். அது குறை அல்ல, பாராட்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்களும் நல்ல சாப்பாட்டுக்குப் "பறவாயில்லை" என்றுதானே சொன்னார்கள்!

நான்கு, மரியாதை. எம்மைவிட மூத்த ஆசிரியரையும் வைத்தியரையும் 'டூ' என்று, அதாவது நீ என்று, அழைக்க எமது நாக்கு வளையாது. 'டி' என்ற மரியாதைச் சொல் டெனிஸில் உண்டு, ஆனால் 1970களிலிருந்து அது பேச்சில் மிகவும் அருகிவிட்டது. இங்கே மரியாதை சொல்லில் இல்லை, நேரத்துக்கு வருவதிலும் மற்றவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பதிலும் 'தாக்' என்று நன்றி சொல்வதிலும் இருக்கிறது. தயவுசெய்து என்பதற்கு ஒரு தனிச்சொல் இல்லாத மொழி, நன்றியை நாள் முழுவதும் சொல்லும்.

ஐந்து, எங்கே இலகு என்பதையும் சொல்ல வேண்டும். டெனிஸ் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. வருகிறேன், வருகிறாய், வருகிறார், வருகிறார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். வினையின் இடம் மட்டும் முக்கியம், வாக்கியத்தில் அது இரண்டாவதாக நிற்கும். 'நான் வருகிறேன் நாளை', 'நாளை வருகிறேன் நான்'. வினையைக் கடைசிக்கு வைத்துப் பழகிய எமக்கு இதுதான் பெரிய திருப்பம். உறவுமுறையோ எமது வீட்டுச் சொல்லே. ஃபார்ஃபார் அப்பப்பா, ஃபார்மோர் அப்பம்மா, மோர்ஃபார் அம்மப்பா, மோர்மோர் அம்மம்மா. ஆங்கிலம் தாய்வழியையும் தந்தைவழியையும் ஒரே சொல்லில் அடக்கும். டெனிஸும் ஈழத்தமிழும் அப்படிச் செய்யவில்லை. தாயின் சகோதரர் 'மோர்புரோர்', எமது மாமா. தாயின் சகோதரி 'மொஸ்டர்', எமது பெரியம்மா, சின்னம்மா. முதல் பாடமாக இதை வைத்திருந்தால், இது அந்நிய மொழி என்ற பயம் பாதி குறைந்திருக்கும்.

ஜப்பானிய மொழி படிப்போருக்கும் ஒரு வார்த்தை

அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும்போது, டெனிஸை இலகுவான வரிசையிலும் ஜப்பானிய மொழியை 2200 வகுப்பு மணித்தியாலம் வேண்டிய மிகக் கடினமான வரிசையிலும் வைத்திருக்கிறது. இணையத்தில் இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு வினை கடைசியில் வருவது புதிதல்ல. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது புதிதல்ல. மூத்தோருக்கு வேறு சொல், இளையோருக்கு வேறு சொல் என்பதும் புதிதல்ல. ஜப்பானிய எழுத்து வரிசையே அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகும். பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய எழுத்து வரிசை அங்கே சென்றதன் அடையாளம் அது. தோக்கியோவின் கக்குசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919-2008) தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று நீண்ட காலம் ஆராய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு இணைந்து பணியாற்றினர். அந்த உறவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பின் ஒற்றுமையை எந்த மாணவரும் முதல் மாதத்திலேயே காணலாம். அன்றாடப் பாவனைக்கென அரசு பட்டியலிட்ட 2136 சீன எழுத்துக்கள்தான் அங்கே மலை. அதற்கு சீகன்பால்குவின் காலை ஏழு மணி மீட்டலைத் தவிர வேறு மருந்தில்லை.

அயலவர் காத்த மொழி

புதிய மொழி படிப்பதற்குத் தாய்மொழியை விடவேண்டும் என்று சிலர் எமக்குப் புத்தி சொன்னதுண்டு. அவர்களுக்குப் பதிலாக இந்த மண்ணின் வரலாற்றையே காட்டலாம். கிரின்ஸ்டெட்டிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீற்றருக்குள் கொங்கெ ஆறு ஓடுகிறது. 1864 போரில் டென்மார்க் தோற்றபின் 1920 வரை அதுவே எல்லை. ஆற்றுக்குத் தெற்கே இருந்த டெனிஸ் மக்கள் ஜேர்மன் ஆட்சியின் கீழ் வாழ்ந்தார்கள். 1888இல் சமய பாடம் தவிர்ந்த எல்லாப் பாடத்துக்கும் ஜேர்மன் மொழியே என்று அங்கே ஆணை வந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? 1880இலேயே தொடங்கிய மொழிச் சங்கத்தின் மூலம் டெனிஸ் நூல்களை வீடு வீடாகச் சேர்த்தார்கள். பிள்ளைகளை ஆற்றுக்கு வடக்கே உள்ள பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நாட்டின் முதல் மக்கள் உயர்பள்ளி 1844இல் ரெடிங்கில் தொடங்கியதும் அந்த மொழிக் கவலையால்தான். போருக்குப் பின் அதன் ஆசிரியர்கள் ஆற்றைக் கடந்து வந்து 1865இல் அஸ்கோவில் புதுப்பள்ளி திறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஜேர்மனும் படித்தார்கள், டெனிஸையும் காத்தார்கள். 1920 பெப்ரவரி 10 வாக்கெடுப்பில் வட பகுதியில் நூற்றுக்கு எழுபத்தைந்து அளவில் டென்மார்க்குக்கே வாக்களித்தனர்.

2002இல் ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியே இருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்தும் கடமை கொம்மூன்களிடமிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பின் சனி, ஞாயிறுகளில் பெற்றோர் நடத்திய தமிழ் வகுப்புகளே எமது மொழிச் சங்கம் ஆயின. இரண்டு மொழியும் உறுதியாக உள்ள பிள்ளைக்கு மூன்றாவது மொழி பாரமாகாது.

இனிச் செய்யவேண்டியது

இந்தப் பேச்சு பரீட்சைக்காக மட்டும் அல்ல. 2018 யூலை 1 முதல், மூன்று ஆண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கட்டணம் செலுத்தவேண்டும் என்று விதி வந்தது. எத்தனையோ வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை தாயின் நோயை வைத்தியருக்கு மொழிபெயர்த்திருக்கிறது. பிள்ளை கேட்கக் கூடாததைக் கேட்டது, தாய் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார். முதலில் வந்த தலைமுறை இப்போது முதுமைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மறதி நோய் வரும்போது, பிந்திப் படித்த மொழி முதலில் நழுவுவதை மருத்துவர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டு நன்றாக டெனிஸ் பேசியவரும் ஒரு நாள் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கலாம்.

ஆகையால் நேயர்கள் ஒவ்வொருவரும் இரண்டு காரியம் செய்யலாம். வீட்டில் இன்னமும் டெனிஸ் பேசத் தயங்கும் அம்மா, மாமி யாராவது இருந்தால், இலக்கணத்தில் தொடங்காமல் எண், மணி, உடலுறுப்பு, நோவு என்ற நான்கோடு தொடங்குங்கள். தினமும் கால் மணித்தியாலம் போதும், பழையதை மீட்டுவிட்டுத்தான் புதியது. அறுபது வயதில் தொடங்கி, ஆறு மாதத்தில் தானே வைத்தியரின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து நேரம் குறித்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அன்று அவர் பேசியது நாலே வாக்கியம். அதற்குப் பிறகு அவரது நோவுக்கு எந்தப் பிள்ளையும் சாட்சி நிற்க வேண்டியிருக்கவில்லை.

மற்றது, ஒரு தாளை எடுத்து இரண்டு நிரல் போடுங்கள். ஒரு பக்கம் தண்ணீர், நோ, குளிர், பயம், பசி, மகன், மகள் என்று தமிழ் ஓசையை டெனிஸ் எழுத்தில் எழுதுங்கள். மறுபக்கம் அதன் டெனிஸ் பொருளை எழுதுங்கள். முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ எம்மவர் ஒருவர் சேரும்போது அந்தத் தாளைத் தாதியிடம் கொடுங்கள். தரங்கம்பாடியில் மணலில் எழுதிப் பழகிய அந்நியருக்கு எமது முன்னோர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே எமது முதியவரைப் பராமரிக்கும் டெனிஸ் பிள்ளைக்குப் பத்துத் தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுப்பது எமது முறை.